ஒரே சிலிண்டர்ல ரெண்டு டார்ச்

நான் சத்தமாவாங்ணா பேசறேன்? நீங்களே சொல்லுங்க. அந்தக் கண்டக்டரு இப்ப எதுக்கு என்ர தோளைத் தட்டிப்போட்டுப் போறான்? பஸ்ல ஏறுனவன் டிக்கெட் வாங்குனா ஆச்சு. வாயைத் தொறக்கறதுக்கும் டிக்கெட் வாங்கோணுமா? முன்சீட்டம்மா வேற அவினாசி தாண்டுனதுல இருந்து நாலு தடவை திரும்பிப் பாத்தாச்சு. பாத்துக்கட்டும், எனக்கென்ன.

எம்பேரு செங்கோட்டுவேலு. திருச்செங்கோடு. போர்வெல் லாரிக்குப் பாடி கட்டுற பட்டறையில கேஸ் கட்டிங் வேலை, இருவத்திரண்டு வருசமா. அரை இஞ்சுத் தகடு, முக்கா இஞ்சுத் தகடு, எதுவா இருந்தாலும் கோடு போட்டுக் குடுத்தீங்கன்னா வெண்ணையாட்ட அறுத்துத் தருவேன். பக்கத்துல ஒருத்தன் கிரைண்டர் ஓட்டுவான், அக்கட்டால ஒருத்தன் சம்மட்டியில தகட்டை அடிப்பான். அங்க மெல்லப் பேசுனா எவனுக்குக் கேக்கும்? எனக்கு வலது காது சித்த மந்தம். அவ்வளவுதான். நீங்க இடது பக்கமா உக்காந்தது நல்லதாப் போச்சு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, ஆக்சிஜன்னா என்னன்னு எனக்குத் தெரியுங்ணா. சிலிண்டர்ல டார்ச்சை மாட்டித் தீயில தகடு அறுக்கறதே அதை வெச்சுத்தான், அதோட குடித்தனம் பண்றவன் நானு. எந்தச் சிலிண்டர்ல எவ்வளவு இருக்குதுன்னு தட்டிப் பாத்தே சொல்லிருவேன். எனக்குப் போயி ஆக்சிஜன் பாடம் எடுத்தாங்க ஒரு ஆஸ்பத்திரியில. கோயமுத்தூர்ல. பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா எனக்கு வெறி வந்துரும்.

எம்பொண்ணு வர்ணிகா. எட்டு வயசு, மூணாவது படிக்கறா, ஒரே புள்ளை. பதினேழு நாளா அங்கதான் கெடக்கறா. பயப்படாதீங்க, பொழைச்சுட்டா. சாதா வார்டுக்கு வந்து ரெண்டு நாளாச்சு. பொழைச்ச புள்ளையை உட்டுப்போட்டு இவன் எதுக்குப் பஸ் ஏறி ஊருக்குப் போறான்னுதானே பாக்கறீங்க? அதைத்தான் சொல்ல வர்றேன். நான் சொல்றதைக் கேட்டுப்போட்டு நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

ஒரு வாரம் சளிக்காய்ச்சல் இருந்துச்சுங்ணா. மாத்திரை குடுத்தோம், உட்டுருச்சு. அந்த வியாழக்கெழமை காத்தால ஸ்கூல் வேன் வந்து ஆரன் அடிக்குது, இவ வாசப்படியில உக்காந்துட்டா. காலு வரமாட்டீங்குது, மூச்சு வாங்குதுப்பாங்கறா. அன்னிக்கு அவளுக்குக் கணக்குப் பரீட்சை. எனக்குத் தெரியாதா எதுக்கு மூச்சு வாங்குதுன்னு? நடிக்காத, எந்திரின்னேன். கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன். எந்த அப்பன் அதட்டாம இருக்கான்? எந்திரிச்சா. ரெண்டு எட்டு வெச்சா. வேன் படிக்கிட்டயே சுருண்டு உழுந்துட்டா.

அது கெடக்கட்டும். நான் அதைப் பத்திப் பேசல.

ஊர்ல இருந்த டாக்டர் பாத்துப்போட்டு இங்க ஒண்ணும் ஆவாது, கோயமுத்தூர் கொண்டுபோங்கன்னுட்டாரு. ஆம்புலன்சுல நான் முன்னாடி, எம் பொண்டாட்டி கோகிலா பின்னாடி புள்ளையோட. அங்க போனா வாசுகின்னு ஒரு டாக்டரம்மா. ஒல்லியா, மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு, பேசறது பாதிதான் காதுல உழுவும். காய்ச்சல் கிருமி இருதயத்துச் சதையில பூந்துருச்சாமா. இருதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளறதுக்குத் தெம்பில்லையாமா. ஒரு மெஷின்ல போடறோம், இருதயம் தானா தேறி வர்ற வரைக்கும் அது வேலையை இது செய்யும், தேறும்னு உறுதி சொல்ல மாட்டோம், கையெழுத்துப் போடுங்கன்னாங்க. போட்டேன்.

அந்த மெஷினை நீங்க பாக்கோணும். கழுத்துல ரெண்டு ஓசு, கட்டை வெரல் தண்டிக்கு. ஒண்ணுல ரத்தம் கறுத்துப்போயி வெளிய வருது. பொட்டிக்குள்ள போயி ஆக்சிஜனை ஏத்திக்கிட்டு, இன்னொரு ஓசுல பளீர்னு செவப்பா உள்ள போவுது. எங்க பட்டறையில நீல ஓசு ஆக்சிஜனு, செவப்பு ஓசு கேஸு. இங்க எல்லாமே தலைகீழு. செவப்பு ஓசுலதான் ஆக்சிஜன் இருக்குதாமா.

காத்தால பதினோரு மணிக்கு அஞ்சு நிமிசம், பொழுதோட அஞ்சு மணிக்கு அஞ்சு நிமிசம். ஒரு தடவைக்கு ஒருத்தருதான் போலாம். பச்சை அங்கி, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி. பெத்த புள்ளையைப் பாக்கறதுக்கு வேசம் கட்டிக்கிட்டுப் போனேங்ணா.

மொத நாளு ஓசையும் பொட்டியையும் பாத்துக்கிட்டே அஞ்சு நிமிசம் போயிருச்சு. ரெண்டாம் நாளுதான் பேசுனேன். காதுகிட்ட குனிஞ்சு, பாப்பா, அப்பா வந்துட்டேன், எந்திரி சாமின்னேன். அவ்வளவுதான். அதுல என்ன தப்பு?

கால்மாட்டுல ஒரு நர்சு நிக்கறா. ஜெபமலர்னு பேரு, நாசரேத்துப் பக்கத்துத் தெக்கத்திப் பொண்ணு. புள்ளை மூஞ்சியைப் பாக்க மாட்டா, பொட்டி மூஞ்சியையேதான் பாத்துக்கிட்டு நிப்பா. அந்தப் பொட்டியில மேல ஒரு நம்பரு, தொண்ணுத்தொம்பது. கீழ ஒரு நம்பரு, அறுபத்தெட்டு. நான் எந்திரி சாமின்னதும் கீழ இருந்தது அறுபத்தஞ்சு ஆச்சு. மெதுவாப் பேசுங்க அண்ணாச்சிங்கறா. அண்ணாச்சியாமா. நான் என்ன பலசரக்குக் கடையா வெச்சிருக்கேன்? மெதுவாத்தான் பேசறேன்னேன். அறுபது. அப்பத்தான் பாத்தேங்ணா, எம்புள்ளை வெரலு அசையுது. தோளு கொஞ்சம் மேல தூக்குது. அத்தனை மயக்க மருந்துக்கும் மீறி எங்குரலைக் கேட்டு எந்திரிக்கப் பாக்கறா. எனக்குத் தலைகால் புரியல. எந்திரி சாமி, அப்பா இருக்கேன், எந்திரின்னேன். அம்பத்து மூணு. பொட்டி கத்துது. ஜெபமலர் என்னையப் புடிச்சு வெளிய தள்ளிப்போட்டா, அந்தச் சின்னப் பொண்ணு, எம்புட்டு பலம்ங்கறீங்க.

சாயங்காலமும் அதேதான். நாப்பத்தொம்பதுக்கு எறங்குச்சு, ஓசெல்லாம் துடிக்குது, நாலு பேரு ஓடியாந்தாங்க. அன்னிக்குத்தான் புள்ளைக்குக் கைகாலு அசையாம இருக்கறதுக்கு ஊசி போட்டாங்க. அசையற புள்ளையை அசையாமப் பண்ணிப்போட்டாங்கங்ணா. மூணாம் நாள் போயிப் பாக்கறேன், வெட்டிப்போட்ட வாழையாட்ட கெடக்கறா. கீழ குளுகுளுன்னு ஒரு பாய் விரிச்சிருக்காங்க. காலைத் தொட்டேன், ஜில்லுங்குது. ஒரு போர்வையாச்சும் போத்துங்கம்மான்னேன். சூடேறக் கூடாது, நடுங்கவும் கூடாது, அதுக்குத்தான் பாயும் ஊசியும்னா. ஏம்மா, ஐஸ் பொட்டியில மீனை வெக்கறாப்புலயா புள்ளையை வெப்பீங்கன்னேன்.

அப்பத்தான் அந்தக் கீழ் நம்பரை நின்னு நெதானமாப் பாத்தேன். மேல தொண்ணுத்தொம்பது, கீழ அறுபத்திரண்டு. எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்க தொழில்ல இந்த முனையில இருந்து தொண்ணுத்தொம்பது போயி அந்த முனைக்கு அறுபத்திரண்டு வந்தா என்னங்ணா அர்த்தம்? லீக்கு. நடுவுல எங்கியோ லீக்கு. சோப்புத் தண்ணியைப் போட்டு மூட்டு மூட்டாப் பாக்கோணும். நான் ஓசு மூட்டைத் தொட்டுப் பாக்கக் கையை நீட்டினேன். நீட்டத்தான் செஞ்சேன், தொடல. ஜெபமலர் போட்ட கூச்சல்ல அந்த ரூமே என்னையத் திரும்பிப் பாத்துச்சு. நானும் கேட்டேன். லீக்கை வெச்சுக்கிட்டு எம்புள்ளைக்கு மூச்சில்லாமப் பண்றீங்களா, எவன்யா இங்க ஃபிட்டருன்னு கேட்டேன். வாட்ச்மேன் ரெண்டு பேரு வந்து கக்கத்துல கையைக் குடுத்து வெளிய கொண்டாந்து உக்கார வெச்சாங்க.

பொறவு டாக்டரம்மா என்னைய ரூமுக்குக் கூப்புட்டாங்க. கோகிலாளும் வந்தா. பாடம் ஆரம்பிச்சுது.

லீக்கு இல்லீங்களாமா. மெஷினு குடுக்கறது தொண்ணுத்தொம்பது. புள்ளையோட ஒடம்பு அதுல வேணுங்கறதை எடுத்துக்கிட்டு, மிச்சம் திரும்பி வர்றதுதான் அந்தக் கீழ் நம்பராமா. மிச்சம் இருந்தா ஒடம்புக்குப் போதுமானது கெடைக்குதுன்னு அர்த்தம். மிச்சம் கொறையக் கொறைய ஆபத்து, இன்னும் கொறைஞ்சா மூளைக்கும் ஈரலுக்கும் பத்தாமப் போயிருமாமா. அப்ப இன்னும் எச்சாக் குடுங்க, ரெகுலேட்டரைத் திருப்பி உடுங்கன்னேன். முடியாதுங்க, இந்த ஓசுல இந்தப் புள்ளைக்கு இதுக்கு மேல ரத்தம் ஓட்ட முடியாது, குடுக்கறதைக் கூட்ட முடியலைன்னா அவ எடுத்துக்கறதைத்தான் கொறைக்கோணும்னாங்க. காய்ச்சல் வந்தா எடுத்துக்குவாளாமா. நடுங்குனா எடுத்துக்குவாளாமா. பயந்தா எடுத்துக்குவாளாமா.

"அப்பா கூப்புடறாருன்னு எந்திரிக்கப் பாத்தாலும் எடுத்துக்குவா, சார். அதுக்குக் குடுக்க இப்ப அவகிட்ட ஒண்ணும் இல்ல."

இப்படிச் சொல்லிப்போட்டு, நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். சிலிண்டரு தீரப்போற நேரத்துல, ஒருத்தரு தகடு அறுத்துக்கிட்டு இருக்கும்போது, அதே சிலிண்டர்ல இன்னொரு டார்ச்சை மாட்டி அறுப்பீங்களான்னாங்க. எந்தக் கிறுக்கனுங்க மாட்டுவான், ரெண்டு டார்ச்சும் அணைஞ்சு போயிரும், தகடும் பாதியில நின்னுபோயிரும்னேன். சொன்னதுக்கப்பறந்தான் எனக்கு ஒறைச்சுது. அந்தம்மா என்னையப் பாத்துக்கிட்டே இருக்கறாங்க. என்னையத்தாங்ணா ரெண்டாவது டார்ச்சுங்கறாங்க. பெத்த அப்பனை. எங்குரலு எம்புள்ளை மூச்சைத் திங்குதாமா.

எந்த அப்பனுக்குத் தாங்கும், சொல்லுங்க. அன்னில இருந்து அம்மா மட்டும் வந்தாப் போதும்னுட்டாங்க. கோகிலா ரெண்டு வேளையும் போவா. போயி என்ன பண்ணுவா? ஒண்ணுமே பண்ண மாட்டா. பாதத்து மேல கையை வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிசம் வாயைத் தொறக்காம நிப்பா, வந்துருவா. கீழ் நம்பரு எவ்வளவுடின்னு கேட்டா, அறுபத்தேழு, அறுபத்தொம்பதும்பா. வாயில்லாப் பூச்சி அவ. கல்யாணமாகிப் பத்து வருசத்துல அவ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. அவளைத்தான் ஆஸ்பத்திரிக்குப் புடிக்குது. இருக்கட்டும், நானும் உட்டுருவனா?

கீழ, ஜெனரேட்டர் ஷெட்டு பின்னாடி போனேன். ஆள் நடமாட்டமில்லாத எடம் அது ஒண்ணுதான் அங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணேன். ஜெனரேட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதனால கொஞ்சம் ஓங்கித்தான் பேச வேண்டியதாப் போச்சு. பாப்பா, அப்பா பேசறேன் சாமி. படுத்துக் கெடந்தது போதும். எந்திரி. நீ எந்திரிச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும். எந்திரி சாமி, எந்திரின்னு. முக்கா நிமிசம் வரும். அதைக் கோகிலா போனுக்கு அனுப்பிச்சேன். காதுல சொருகற வயரையும் வாங்கிக் குடுத்தேன். அந்த நர்சு அக்கட்டால திரும்பும்போது புள்ளை காதுல வெச்சு ஒரு தடவை ஓட்டிரு, எங்குரலு உள்ள போயிட்டாப் போதும், மிச்சத்தை அவ பாத்துக்குவான்னு சொல்லியனுப்பிச்சேன்.

வெளிய வந்தா. வெச்சியாடின்னேன். வெச்சேனுங்கன்னா. கேட்டாளான்னேன். கண்ணு லேசா அசைஞ்சுதுங்கன்னா. நான் அந்த வராந்தாவுலயே உக்காந்து அழுதுட்டேன். ரெண்டு வேளையும் கேப்பேன். ரெண்டு வேளையும் வெச்சேம்பா. இன்னிக்குப் புருவம் அசைஞ்சுதும்பா, இன்னிக்கு மூஞ்சி தெளிவா இருந்துச்சும்பா. நான் அந்தக் கதவுக்கு வெளியில, செவுத்தோட சாஞ்சு நின்னுக்கிட்டே இருப்பேன். உள்ள எங்குரலு ஓடிக்கிட்டு இருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டே நிப்பேன். வாட்ச்மேன் நாற்காலி கொண்டாந்து போட்டாலும் உக்கார மாட்டேன்.

பதினோராம் நாளு இருதயம் தேறிருச்சுன்னு மெஷினை எடுத்தாங்க. டாக்டரம்மா வந்து, உங்க பொண்ணு இருதயம் தானாவே தேறி வந்துருச்சுங்க, நல்லா ஓய்வு கெடைச்சுதுன்னாங்க. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். தானாவே தேறுச்சாமா. எங்கிட்டயே காதுல பூ சுத்தறாங்க. பட்டறைக்குப் போனைப் போட்டு மொதலாளிகிட்டச் சொன்னேன், எங்குரலு தாங்க இழுத்தாந்துச்சுன்னு. அந்த வராந்தாவுல ஒரு உடுமலைக்காரரு, அவரு பையனும் உள்ள கெடந்தான், அவருக்கும் சொல்லிக் குடுத்தேன். அவரும் ரெக்கார்ட் பண்ணாரு. அவரு சம்சாரம் ஜெபமலர்கிட்ட மாட்டிக்கிச்சு. எங் கோகிலா எம்புட்டு சூட்டிப்பு, இத்தனை நாளும் மாட்டாமப் பண்ணிப்போட்டான்னு பெருமையாக்கூட இருந்துச்சு.

பதிமூணாம் நாளு தொண்டையில மூச்சுக்குப் போட்டிருந்த கொழாயை எடுத்தாங்க. முந்தாநாளு வார்டு. வார்டுல நான் போலாம், இருக்கலாம், யாரும் கேக்கறதில்ல. புள்ளைக்குச் சத்தம் வர்றதில்லீங்ணா. கொழாய் இருந்த தொண்டையாமா, நாளாவுமாமா. காத்துதான் வருது. அவ பேசறது ஒரு எழுத்துக்கூட எங்காதுல உழுவறதில்ல. உதட்டைப் பாத்துக்கிட்டு இருப்பேன், கோகிலா எனக்கு எடுத்துச் சொல்லுவா. தண்ணி கேக்கறா, தலை அரிக்குதுங்கறா, அப்படி.

இன்னிக்குக் காத்தால இட்லியை ஊட்டிக்கிட்டு இருக்கும்போது கேட்டேன். ஆசையாத்தாங்ணா கேட்டேன். அம்மிணி, நீ தூங்கிக்கிட்டு இருந்தியே, அப்ப அப்பா பேசுனது கேட்டுச்சான்னு. அவ என்னையப் பாத்தா. கோகிலாளைப் பாத்தா. ஏதோ சொன்னா. நீளமாச் சொன்னா. நான் கோகிலா மூஞ்சியைப் பாக்கறேன், அவ வாயே தொறக்கல. மூஞ்சி செத்துப்போச்சு. சொல்லுடின்னேன். ஒண்ணுமில்லீங்க, இட்லி போதுங்கறாங்கறா. இட்லி போதுங்கறதுக்கா அம்புட்டு நேரம் பேசுவா? சொல்லுடின்னேன். அந்த வார்டே திரும்பிப் பாத்துச்சு. பொறவு சொன்னா.

"அப்பா அங்க ஏன் ஒரு நாளு கூட வரலைன்னு கேக்கறா. இன்னும் கோவமான்னு கேக்கறா. நான் நடிக்கல, நெசமாவே மூச்சு வாங்குச்சுங்கறா."

கேட்டீங்களாங்ணா?

ஒரு நாளு கூட வரலையாமா. பதினோரு நாளு கதவுக்கு வெளிய நின்னவன் நானு. காலு வீங்கிப்போச்சு எனக்கு. அம்மா கை அவ பாதத்து மேல இருந்தது மட்டும் எப்பவோ தெரிஞ்சுதாமா. நான் இல்லவே இல்லையாமா.

கோகிலாளை வராந்தாவுக்குக் கூட்டியாந்து, ரெக்கார்டை வெச்சியா இல்லையாடின்னேன். மொதல்ல அழுதா. எனக்குக் கையோங்கிருச்சு, அடிக்கல. வெக்கலைன்னா. ஒரு தடவை கூட வெக்கலையாமா. பத்து வருசத்துல மொத தடவையா என் கண்ணைப் பாத்துப் பேசுனா.

"மொத நாளு இந்த வராந்தாவுல என் காதுல வெச்சுப் பாத்தேனுங்க. எனக்கே நெஞ்சு தூக்கிப் போட்டுச்சு. அவளுக்கு எப்படி வெப்பேன்?"

ஜெபமலர்கிட்டப் போயிக் கேட்டிருக்கா. அவ சொல்லிக் குடுத்திருக்கா, வைக்காதீங்கக்கா, ஆனா அண்ணாச்சிகிட்ட வெச்சேன்னு சொல்லிருங்க, அவரும் பாவம், வெளிய நிக்காருன்னு. நான் பாவமாமா. ரெண்டு பொம்பளைங்க கூடிக்கிட்டு ஒம்பது நாளு எங்கண்ணுல மண்ணைத் தூவியிருக்காங்க. கண்ணு அசைஞ்சுதாமா, புருவம் அசைஞ்சுதாமா. எல்லாம் பொய்யி. ஊசி போட்டு மரக்கட்டையாக் கெடந்த புள்ளைக்குப் புருவம் எங்கிருந்து அசையும்? நானும் நம்பிக்கிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். மொதலாளி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

அதான் கெளம்பிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வெளிய வந்து வர்ற பஸ்ல ஏறிட்டேன். அவளே பாத்துக்கட்டும். வாயைத் தொறக்காம நிக்கத் தெரிஞ்சவ, எல்லாம் பாத்துக்குவா.

என்னங்ணா சொன்னீங்க? எனக்குப் புரியல, இக்கட்டாலத் திரும்பிச் சொல்லுங்க.

புள்ளைக்கு என்ன பதில் சொன்னேனா?

ஒண்ணும் சொல்லல. கோகிலா சொன்னதைக் கேட்டதும் எந்திரிச்சு வராந்தாவுக்கு வந்துட்டேன், வராந்தாவுல இருந்து நேரா வெளிய. இல்ல, புள்ளைகிட்டச் சொல்லிக்கல. கோவத்துல மறந்துபோச்சு. அவ என்ன நெனைப்பான்னு கேக்கறீங்களா? அவ என்ன நெனைப்பா, சின்னப் புள்ளை. அப்பன் பட்டறைக்குப் போயிட்டான்னு நெனைப்பா. இன்னும் கோவமான்னு கேட்டா, நான் எந்திரிச்சுப் போயிட்டேன். சரி. அதுக்கு என்னங்ணா இப்ப?

நீங்க ஒண்ணும் அப்படிப் பாக்க வேண்டாம். நான் அவளை என்ன சொல்லிப்போட்டேன்? எந்திரின்னேன். வாசப்படியிலயும் அதுதான் சொன்னேன், ஆஸ்பத்திரியிலயும் அதுதான் சொன்னேன், ரெக்கார்ட்லயும் அதுதான். வேற ஒண்ணுமே சொல்லலையே நானு.

வேற ஒண்ணுமே சொல்லல.

இருங்க, போன் அடிக்குது. அவதான், கோகிலா. எடுக்க மாட்டேன், அடிக்கட்டும். காத்தால இருந்து இது ஆறாவது தடவை. நின்னுபோச்சு பாருங்க. அவ்வளவுதான் அவளுக்கு. மறுபடி அடிக்கறா. சனியன். இருங்க.

அலோ. என்னடி? எங்கிருந்தா என்ன உனக்கு? பஸ்ல இருக்கேன். என்ன? யாரு? பாப்பாளா? பாப்பாகிட்டயா குடுத்திருக்க? அலோ. பாப்பா. அலோ.

ஒண்ணும் கேக்கலைங்ணா. காத்தாட்ட வருது. ஸ்பீக்கர்ல போட்டாலும் பஸ் சத்தத்துல ஒண்ணும் தெரியல. ஏனுங்ணா, கோவிச்சுக்காதீங்க, இதைச் சித்த உங்க காதுல வெச்சுக் கேட்டுச் சொல்றீங்களா? சொல்றதை அப்படியே சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். நான் பேச மாட்டேன், நீங்க கேளுங்க.

என்ன சொல்றா? ஆமாங்க, அப்பாதான் பக்கத்துல இருக்காருன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்களா? என்ன சொல்றா?

நடந்தாளாமா? எப்ப? நாலு எட்டா? யாரு நடக்கச் சொன்னது அவளை? நர்சு புடிச்சுக்கிட்டாளாமா. சரி, சரி. அப்பறம்?

மெல்லச் சொல்லுங்க. என்ன?

இப்ப எந்திரிச்சு உக்காந்திருக்காளா? அப்பா வந்தா நானே எந்திரிச்சு நடந்து காட்டறேன், கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்கங்கறாளா? அப்படியா சொன்னா? அவளாத்தான் சொன்னாளா, கோகிலா சொல்லிக் குடுத்தாளா? அவளாத்தான். மூச்சு வாங்குதா அவளுக்கு? பேசும்போது மூச்சு வாங்குதாங்ணா? வாங்குதா.

குடுங்க. போனைக் குடுங்க இப்படி.

பாப்பா. அப்பா பேசறேன் சாமி. நீ பேச வேண்டாம், நீ பேசாத, எனக்குக் கேக்காது. நான் சொல்றதை மட்டும் கேட்டுக்க. நீ நடிக்கல அம்மிணி. அப்பனுக்குத்தான் தெரியல. உம்மேல எனக்குக் கோவமே இல்ல. நான் வந்தேன் கண்ணு, தெனமும் வந்தேன், கதவுக்கு அந்தப் பக்கம் நின்னேன். அம்மாளைக் கேளு, சொல்லுவா. இப்பப் படுத்துக்க. எந்திரிக்க வேண்டாம். நடந்து காட்ட வேண்டாம் எனக்கு. படு சாமி, படுத்துக்க. அம்மாளைக் காலைப் புடிச்சுக்கச் சொல்லு. அப்பா திரும்பி வர்றேன். வெச்சுராத, போன் அப்படியே காதுகிட்ட இருக்கட்டும்.

ஏனுங்ணா, செங்கப்பள்ளி வந்துருச்சுங்களா? நான் இங்கியே எறங்கிக்கறேன், எதுத்தாப்புல கோயமுத்தூர் பஸ் வரும். அந்தக் கண்டக்டரைச் சித்தக் கூப்புடுங்க. நீங்களே கூப்புடுங்ணா. நான் கூப்புட்டா பாப்பா காதுல உழுந்துரும்.